சும்மா நிற்கிற ஜினு

1.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ஒருத்தி தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அந்த மாதமே பணக்காரியானாள். கை நிறையத் தங்க வளையலோடு, எல்லையோரப் பனச்சமூடு சந்திப்பில் அவள் நடந்து போனபோது, கண் கூசிப்போய் இரண்டு மாநிலத்து டிரைவர்களும் ஒருசேர பிரேக் பிடித்தார்கள்.

நம்பவில்லையா? என் மனைவி ஆனந்தபாயும் நம்பவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "பொய்" என்றாள்.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வெள்ளறடை – நெய்யாற்றின்கரை வண்டியில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவன். (இருபத்தேழு. திருத்தியது ஆனந்தபாய்.) மூச்சுவிட இடமில்லாத வண்டியில் 'உள்ளே இடம் உண்டு' என்று கூவிப் பழகிய நாக்கு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் கதை பிறந்த விதம் மெய். பக்கத்து வீட்டு ரெஜிலா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது கேட்டாள்: "மாமா, உள்ளதச் சொல்லுங்க. எனக்கு ஒரு மணிக்கூறுக்கு எவ்வளவு கிட்டுது?"

2.

முதல் தொடக்கம்: 'அதிகாலைப் பனியில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருந்த ரெஜிலாவின் கண்களில்—'

(விட்டுவிட்டேன். அந்த வண்டியில் அவளுக்குச் சன்னலோரம் கிடைத்ததே இல்லை. எனக்குத் தெரியாதா?)

இரண்டாம் தொடக்கம்: 'உழைப்பு என்பது மனித வாழ்வில்—'

(இது சபையின் ஆண்டு மலருக்கு ஆகும்.)

மூன்றாவது: ரெஜிலா திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய துணிக்கடையில், புடவைப் பிரிவில் நிற்கிறாள். ஸ்டூல் உண்டு, உட்காரத்தான் நேரமில்லை. சம்பளம் இருபதாயிரம். இப்போது பனச்சமூட்டில் புதிய டைல்ஸ் கடையில் பில் போட ஆள் கேட்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம்; பதினோராயிரம்தான் தருவார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிற குடும்பத்தில் ஒன்பதாயிரத்தை யார் கைவிடுவார்கள்?

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3.

இனி கொஞ்சம் கட்டுரை. கொட்டாவி வந்தால் நாலாவதற்குத் தாவிவிடுங்கள், வருத்தப்படமாட்டேன்.

இருபதாயிரத்திலிருந்து எதெல்லாம் கழன்று போகிறது? பஸ் கட்டணம். கடை சொன்ன நிறத்தில் புடவை, கடை சொன்ன மாதிரி கொண்டை. கூட நிற்கிறவர்களின் கல்யாணம், வீடு பால்காய்ச்சு, பிறந்தநாள் என்று வாரம் தவறாத வசூல். காலுக்குத் தைலம். ராத்திரி சமைக்கத் தெம்பில்லாமல் வாங்குகிற பொறோட்டா. அவளைக் கூட்டி வரும் பைக்குக்குப் பெட்ரோல்.* ஆக எட்டாயிரம் போச்சு. மிச்சம் பன்னிரண்டு.

* பெட்ரோல் நமக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் மலிவு. ஞாயிறுதோறும் அவள் கணவன் ஜினு எல்லை தாண்டிப் போய் நிரப்புவான். மிச்சம் பிடித்த ரூபாயை அங்கேயே பீஃபும் பொறோட்டாவுமாகத் தின்றுவிட்டு, லாபம் என்று ஏப்பம் விட்டுத் திரும்புவான். இந்த லாபத்தில் பங்கு பெறாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. என் வீடு உட்பட.

நேரம்? கடைக்காரர் பத்து மணி நேரம் என்பார். கொண்டை போடுவது முதல் ராத்திரி செருப்பைக் கழற்றுவது வரை பார்த்தால் பதினைந்து. மாதம் இருபத்தாறு நாள் வேலை. வகுத்தேன். மணிக்கு முப்பது ரூபாய்! டைல்ஸ் கடையிலோ எட்டு மணி நேரம்தான்; மணிக்கு ஐம்பதுக்கு மேல். நான் நாலடி உயரம் துள்ளினேன். (அளந்தவர் யாருமில்லை.)

ரெஜிலா துள்ளவில்லை. "மாமா, இப்ப கையில மிஞ்சுயது பன்னிரண்டு. அங்க பதினொண்ணு. ஆயிரம் கொறவாக்கும். பேங்குக்காரன் மணிக்கூறு கணக்குல தவண கேப்பானா?"

கதை அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டது.

4.

இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆனந்தபாய் பிரதியைக் கையில் எடுத்தாள். அவளுக்கும் இதில் அக்கறை உண்டு. சபைப் பெண்களின் சிட்டியை, அதாவது மாதச் சீட்டை, நடத்துகிறவள் அவள். ரெஜிலாவின் பங்கு எப்போதும் நாலு தடவை கேட்ட பிறகு கடைசியாகத்தான் வரும். சம்பளமும் குறைந்தால் அதுவும் வராது.

"இந்த ஜினு எதுக்கு?" என்றாள்.

ஜினு எலக்ட்ரீசியன். கதையில் அவனுக்கு ஒரே வரிதான்: 'ஜினு நெய்யாற்றின்கரையில் பைக்கோடு நின்றான்.'

"சும்மா நிக்கானே. வெட்டிப் போடுங்க."

"சும்மாவா நிக்கான்? ராத்திரி அவ அங்க எறங்கும்போ நம்ம வெள்ளறடைக்கு வண்டி கெடையாது. கூட்டிட்டு வரத்தானே நிக்கான்."

"வேல உள்ளவன் நிப்பானா?"

"அவன் சாயந்திர வேல எடுக்கதில்லியே. நம்ம அடுக்கள ஃபேன் கறங்காம கெடக்கு, வரச் சொன்னதுக்கு 'சாயந்திரம் ஒக்காது மாமா'ன்னுதானே—"

வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள். கணக்கில் விட்டுப்போன ஆள் இவன்தான். பகலில் வீடுகளில் ஆட்கள் இருக்கமாட்டார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள். சாயந்திரம்தான் ஃபேனும் மோட்டாரும் ரிப்பேர் பார்க்கக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் இவன் பைக்கோடு நிற்கிறான். துணிக்கடைக்காரர் ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆளை வைத்திருந்தார். அது அவருக்கே தெரியாது!

"தாள்ல எல்லாம் நடக்கும்," என்றாள் ஆனந்தபாய். "சம்பளம் கொறஞ்சு நல்லா இருந்தவள நான் கண்டதில்ல. அந்தப் பெண்ணுக்க குடும்பத்தக் கெடுத்துப் போடாதீங்க மனுசா."

ஆனாலும் போய்ச் சொன்னேன். ஜினு தலையைச் சொறிந்தான். "சாயந்திரம் நான் ஃப்ரீயா இருந்தா வேலைக்கு ஒரு பஞ்சமும் இல்ல மாமா." ரெஜிலா அவன் பக்கம் திரும்பினாள். "எலே, இத்தன வருசம் இத ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

புதன்கிழமை அவள் டைல்ஸ் கடைக்குச் சரி சொன்னாள்.

5.

முடிவு அ: தவணை தப்பியது, ரெஜிலா மறுபடி கொண்டை போட்டு வண்டியேறினாள். (எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: தங்க வளையல், இரண்டு மாநில பிரேக். (ரொம்பப் பிடிக்கும். பொறுக்க முடியாமல் முதலிலேயே போட்டுவிட்டேன்.)

முடிவு இ: உங்களிடமே தருகிறேன். உங்கள் சம்பளத்துக்காக உங்கள் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, நீங்களே—

கதவு தட்டுகிற சத்தம். டைல்ஸ் கடையில் முதல் சம்பளம் வாங்கிய ரெஜிலா. வேலை நாளில், வெயில் தாழும் முன்னே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல். "மாமி, இந்த மாச சிட்டிப் பைசா. தவணயும் கட்டியாச்சு." வேறு யாரும் இன்னும் கொடுத்திருக்கவில்லை. ஆனந்தபாய் நோட்டை இரண்டு தடவை எண்ணி, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். பின்னாலேயே டெஸ்டரோடு ஜினு. நேரே அடுக்களைக்குப் போய் ஸ்டூலில் ஏறினான்.

ஃபேன் சுழன்றது. அடுக்களை மேசையிலிருந்த என் தாள்கள் எல்லாம் பறந்தன. ஆனந்தபாய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்தாள். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அடியில் எழுதினாள்:

'வளையல் பொய். டிரைவர்மாரும் பொய். பாக்கி நடந்ததாக்கும்.'