பொத்தான் எந்தப் பக்கம்?

கலை வரலாறு கற்பிக்கும் தங்கைக்கு மூன்று வருடமாக ஒரே ஓவியத்தின் மேல்தான் பித்து. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் இடது கையில் இடுக்கியோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஓவியர் வரைந்த மற்ற எல்லோரும் வலது கைக்காரர்கள். இவர் மட்டும் ஏன் இப்படி? அதை வைத்தே நாற்பது பக்கம் எழுதிவிட்டாள். அருங்காட்சியகத்தில் மராமத்து வேலை நடந்ததால் மூல ஓவியம் கிடங்கில் கிடந்தது. அவள் பார்த்ததெல்லாம் இணையதளப் படம்தான்.

கட்டுரையை அனுப்புமுன் அக்காவிடம் காட்டாமல் இருப்புக்கொள்ளவில்லை. அக்காவின் தையல் கடைக்குப் போய், வெட்டுத்துணிகளை ஒதுக்கி மடிக்கணினியை வைத்தாள். அக்கா படத்தை இழை தெரியும்வரை பெரிதாக்கினாள்.

"யாருடி இது, பொம்பளச் சட்டைய மாட்டிக்கிட்டு?"

"விளையாடாதக்கா."

"ஆம்பளச் சட்டைன்னா பொத்தான் வலது பக்கம் இருக்கணும். இவருக்கு இடது பக்கம் இருக்கு. தச்சவன் அரைகுறையா இருக்கணும், இல்லன்னா உன் படம் திரும்பியிருக்கணும்."

தங்கை அங்கிருந்தே அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டு, கிடங்கிலுள்ள மூல ஓவியத்தைப் பார்க்கக் கெஞ்சி அனுமதி வாங்கினாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அக்காவும் கூடவே வந்தாள். கிடங்குக் காப்பாளர் உறையைப் பிரித்தார். இடுக்கி வலது கையில் இருந்தது. ஓவியத்தைப் படமெடுத்த பழைய படச்சுருளைக் கணினியில் ஏற்றும்போது யாரோ புரட்டி வைத்துவிட்டார்களாம். காப்பாளர் நெளிந்தார்.

வெளிப்படியில் உட்கார்ந்து தங்கை அழுதேவிட்டாள். "நாப்பது பக்கமும் போச்சுக்கா."

அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான், மூக்கு ஒழுக அழுவே. சரி, அந்த வெப்சைட்ல இன்னும் எத்தனை பேரு திரும்பி உக்காந்திருக்காங்களோ, பாக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தார்கள். தங்கை படங்களைத் திறப்பாள். அக்கா சட்டைகளைத் துருவுவாள். சந்தேகப்பட்டவற்றைக் காப்பாளர் மூலத்தோடு ஒப்பிட்டார். பதினொரு படங்கள் மாட்டின. புதுக் கட்டுரை அவற்றைப் பற்றியே ஆனது. தலைப்பின் கீழ் இருவர் பெயர்களும் இருந்தன.

இதழ் வந்த அன்று அக்கா தன் பேருக்கு அடியில் 'தையற்கலைஞர்' என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"டெய்லர்னு போட்டா உன் படிப்பு கொறஞ்சிடுமா?"

சொன்னாளே தவிர, அந்த வாரம் அளவு கொடுக்க வந்த ஒருவரையும் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் விடவில்லை.