கூட வந்தவர் சொல்ல வேண்டும்

கடலூர் ஆபீசில் அவர் சடையப்பன். முதுநகர் வீட்டிலும் மாதா கோயிலிலும் சார்லஸ். சர்ட்டிபிகேட்டில் இந்து என்று இருப்பதால் எஸ்.சி. கோட்டாவில் கிடைத்த வேலை; கிறிஸ்தவருக்கு அது கிடையாது. ஞானஸ்நானப் பெயர் வெளியே தெரிந்தால் அந்த வேலை போய்விடும். பதினெட்டு வருஷமாக இதே பயம். யாராவது சும்மா சிரித்தால்கூட, எதுக்குச் சிரிக்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது, 2009இல், சூப்பரின்டெண்ட் நடனசபாபதியே சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். சார்லசின் மகள் ரேகா அங்கே கம்ப்யூட்டரை வைத்து என்னமோ கலைக் கண்காட்சி போட்டிருக்கிறாள். "நானும் வர்றேன் சடையப்பன், எனக்கும் அந்த ஊருதானே" என்று தொற்றிக்கொண்டார். மனுஷன் எதற்கு வருகிறார்? மோப்பம் பிடிக்கவா? டிக்கெட்டையும் அவரே எடுத்தது சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது.

கண்காட்சியில் ஓர் இருட்டு அறை. உள்ளே இவர்கள் மூன்று பேர்தான். முன்னால் நிற்பவர் முகத்தைக் கேமரா பிடித்து, சுவர் அளவு திரையில் புகைமூட்டமாகக் காட்டியது.

"உங்களப் பத்தி நீங்க பேசக்கூடாதுப்பா. கூட வந்தவங்க மைக்குல சொல்லணும். அவுங்க சொல்லச் சொல்ல கம்ப்யூட்டர் மொகத்தத் தெளிவாக்கும்" என்று சொல்லி அப்பாவைத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள் ரேகா.

அடிப் பாவி மகளே! பெற்ற அப்பனை மாட்டிவிட இப்படியா ஒன்றைச் செய்து வைப்பாய்? "எனக்கு வேணாம்மா, தல சுத்துது" என்று நழுவப் பார்த்தார். அதற்குள் நடனசபாபதி மைக்கை எடுத்துவிட்டார்.

"இவரு சார்லஸ்."

சார்லஸ் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெனம் விபூதியோட ஆபீஸ் வருவாரு. மாதா கோயில்ல நெத்தியில சாம்பல் பூசுற சாம்பல் புதன் அன்னைக்கு மட்டும் லேட்டா, நெத்தி செவக்கத் தேச்சுக் கழுவிட்டு வருவாரு. மொத வருஷமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அப்புறம் ஒருநாள் முதுநகர் மாதா கோயில் வாசல்ல யாரோ இவர சார்லஸ்னு கூப்பிட்டது காதுல விழுந்துச்சு."

திரையில் நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"யாருகிட்ட சார் சொன்னீங்க?" என்றார் சார்லஸ்.

"சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க ஆபீஸ்லயா இருப்பீங்க?" மைக்கை நீட்டிவிட்டு அவரே திரைக்கு முன்னால் போய் நின்றார். "இப்ப என்னப் பத்திச் சொல்லுங்க."

சார்லஸ் வாங்கிக்கொண்டார். இந்த மனுஷன் எப்போது வருகிறார், எதற்கு இருமுகிறார், எந்தப் பைலைத் திறக்கிறார் என்று பதினெட்டு வருஷமாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவர்தான். பெயரையும் பதவியையும் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. திரையில் நடனசபாபதியின் முகம் புகையாகவே நின்றது.