பெரியவருக்குத் தெரியாத தேதி

பிளகோத்தாவின் துப்பாக்கி முதல் முறையாகப் பூட்டிய பீரோவைவிட்டு வெளியே வந்து, தன் ஆணியில் தானே மாட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பி கொதிக்கும் நேரத்தில். அன்று எங்கள் மலையூரான சுவோதோவில் ஆட்டுப் பால்கட்டி கிலோ எட்டு யூரோ. அதற்கு முந்தின வாரம் ஏழு. ஊரில் அன்று மாலைவரை பால்கட்டியைப் பற்றித்தான் பேச்சு. துப்பாக்கி விஷயம் மறுநாள்தான் பேசப்பட்டது. பிளகோத்தாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் அவனை அவன் என்றே எழுதுகிறேன். துப்பாக்கியை அப்படி எழுத எனக்குத் தைரியமில்லை.

அதை இங்கே யாரும் துப்பாக்கி என்று சொல்வதில்லை, பெரியவர் என்போம். பிளகோத்தாவின் முப்பாட்டன் வூச்சி தோ சண்டையில் ஒரு துருக்கியனிடமிருந்து பறித்து வந்தது. அன்றிலிருந்து முன்னறையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டு ஐந்து தலைமுறை ஆண்களின் பேச்சைக் கேட்டு வந்தார். வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் அவரை வாசலுக்கு எடுத்துப்போய் வானத்தைப் பார்த்து மூன்று முறை சுடுவார்கள். கல்யாணத்துக்கும், வீட்டுப் புனிதரான நிக்கோலாவின் திருநாளுக்கும் அப்படியே. பெண் பிறந்தால் சுடுவதில்லை. அதில் யாருக்கும் கோபதாபம் கிடையாது, வழக்கம் அப்படி, அவ்வளவுதான். பிள்ளைகள் எத்தனை என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "ரெண்டு பையன், அப்புறம், மன்னிக்கணும், ஒரு பொண்ணு" என்பது எங்கள் ஊர் ஆண்கள் வாயில் தானாக வரும். பிளகோத்தாவின் வாயிலும் முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் வந்தது. பையன்களில் திராகோ சிகாகோவில் லாரி ஓட்டுகிறான், வாசோ ஜெர்மனியில் ஓடு மாற்றுகிறான். இருவரும் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்கள். மன்னிக்கணும் ரகத்தைச் சேர்ந்த ரோசாந்தாதான் நிக்ஷிச் நகரத்தில் பல் மருத்துவராக இருந்துகொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பா அம்மாவைப் பார்க்க மலையேறி வருபவள்.

அவள் வருவது அந்தப் பிப்ரவரியில் நின்றுபோனது. அவளுடைய மகன் மக்சிமுக்கு இரண்டரை வயது. நடக்கக் கற்ற நாளிலிருந்து அவன் எதன்மீதும் ஏறாமல் இருந்ததில்லை. அன்று பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விறகுப் பெட்டிமீது ஏறி, அதிலிருந்து மரப்பெட்டிமீது ஏறி, கையை நீட்டித் துப்பாக்கியின் விசையைத் தொட்டுவிட்டான். உள்ளே தோட்டா இருந்தது. அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ரோசாந்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையை இறக்கிக் கோட்டை மாட்டினாள்.

"அப்பா, நான் கத்தப் போறதில்ல. நல்ல பூட்டோட ஒரு பெட்டகம் வாங்கி அதுல வெச்சுப் பூட்டு. அது ஆணியில தொங்கற வரைக்கும் எம்புள்ள இந்த வாசல மிதிக்காது."

என் வீட்டில் எனக்கே சட்டமா என்று பிளகோத்தா இரண்டு வாரம் முறைப்பாக இருந்தான். மூன்றாவது வாரம் மரப்பெட்டிக்கு அடியில் மக்சிமின் ஒற்றைக் கையுறை கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தான். யாராவது பேச்சுக் கொடுத்தால் எடுத்துக் காட்டினான். அந்தப் பிள்ளைமேல் அவனுக்கு அவ்வளவு உயிர். பெரியவரை விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ரோசாந்தாகூட அதைக் கேட்கவில்லை, அவளும் இந்த ஊர்தானே.

முதலில் வாங்கியது ஒரு தகர பீரோ. விலை குறைச்சல், தட்டினால் பிஸ்கட் டின் சத்தம், ஒரு சாவி. பிளகோத்தா பெரியவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை நிலைப்படிக்கு மேலே வைத்தான். நான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமை அதற்கு மறுநாள். கதவு திறந்திருந்தது, சாவி பூட்டில் தொங்கியது, பெரியவர் ஆணியில் இருந்தார். பிறகு சாவியைப் புகையிலை டப்பாவில் வைத்தான், நிக்கோலா படத்துக்குப் பின்னால் வைத்தான், சோளமாவுக்குள் புதைத்தான். ஒவ்வொரு முறையும் காப்பி கொதிப்பதற்குள் பெரியவர் ஆணிக்கு வந்துவிட்டார். இந்த ஊர் ஆண்கள் எதையும் ஒளித்து வைப்பது அந்த நான்கு இடங்களில்தான். நூற்றைம்பது வருஷம் அந்தச் சுவரில் தொங்கியவருக்கு அது தெரியாமல் இருக்குமா? கடைசியில் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது.

தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைத்தால் போதாதா என்று அவன் மகளிடம் போனில் கேட்டுப் பார்த்தான். துப்பாக்கியே நடந்து வரும் வீட்டில் தோட்டா மட்டும் உட்கார்ந்திருக்குமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆனால் ஒரு சலுகை கொடுத்தாள். ஒரு வாரம் முழுக்க அது உள்ளேயே இருந்தால், நிக்கோலா திருநாளுக்குப் பிள்ளையோடு வருவதாகச் சொன்னாள். திருநாள் டிசம்பர் பத்தொன்பது.

பிளகோத்தா பெரியவரின் நீளத்தைக் கயிற்றால் அளந்து எடுத்துக்கொண்டு நிக்ஷிச்சுக்குப் பஸ் ஏறினான். கடையில் இருந்த பெண் விவரமானவள். கயிற்றை விரித்துப் பார்த்துவிட்டு, உயரம் குறைவான பெட்டகங்களையெல்லாம் ஒதுக்கினாள். தகட்டின் கனத்தைப் பார்க்கச் சொன்னாள், கதவின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். சுவரிலும் தரையிலும் போல்ட் போடாத பெட்டகம் திருடனுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி என்றாள். தோட்டாவுக்கு உள்ளேயே தனிப் பூட்டோடு ஓர் அறை இருந்தது. சாவி என்றாலே பிளகோத்தா தலையை ஆட்டியதால் ஆறு இலக்க நம்பர் பூட்டுக்கு வந்தார்கள்.

"வீட்டுல குழந்தை இருக்காய்யா?"

"வரணும். அதுக்குத்தான் வாங்கறேன்."

அவள் பில் போட்டுக்கொண்டே, "என்ன நம்பர் வெப்பீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. ஆனா இருபத்தெட்டு, ஏழு, எழுபத்தாறு மட்டும் வேணாம். மலைமேல இருந்து வர்றவங்க எல்லாரும் அதத்தான் வெக்கறாங்க" என்றாள். 1876இல் வூச்சி தோ சண்டை நடந்த தேதி அது. பிளகோத்தாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அதைத்தான் அவன் நினைத்திருந்தான்.

நூற்று முப்பது கிலோ பெட்டகத்தை ஏற்றி வைக்க நான்கு பேரும் ஒரு லிட்டர் ரக்கியாச் சாராயமும் தேவைப்பட்டது. அவனுடைய சித்தப்பா மகன் மிலேத்தா போல்டை முறுக்கி முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, இதுக்குள்ள பெரியவர வெக்கறதுக்குப் பதிலா உன்ன வெச்சா ஊரு நிம்மதியா இருக்கும்."

எல்லாரும் போன பிறகு பிளகோத்தா வைத்த நம்பர் 280776. அந்தப் பெண் சொன்னதை அவன் மறக்கவில்லை. இந்தத் தேதியைத் தவிர வேறொன்றை வைப்பது முப்பாட்டனை அவமதிப்பதாக இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. மறுநாள் அவனும் மனைவி விதோசாவாவும் சமையலறையில் இருந்தபோது முன்னறையில் ஆறு முறை பீப் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கதவு திறந்திருந்தது, பெரியவர் ஆணியில். அந்தச் சண்டையில் இருந்தவருக்கே அந்தத் தேதியை வைத்துப் பூட்டினால் வேறென்ன நடக்கும்? பட்டன்களை யார் அழுத்தினார், எந்தப் பக்கத்திலிருந்து என்று நானும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. பழைய பஞ்சாங்கப்படி 160776 என்று மாற்றினான். அது பெரியவருக்கு இன்னும் பழக்கமான தேதி, அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். இத்தாலியருக்கு எதிராக நாடே எழுந்த 130741 வைத்தான். அந்த நாளில் சுட்டதே அவர்தான். திராகோ பிறந்த நாள், வாசோ பிறந்த நாள், தன்னுடையது, அப்பனுடையது, மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்று குண்டு முழங்கிய மக்சிமுடையது. எல்லாவற்றுக்கும் ஆறு பீப். கோடை போய், இலை உதிர்ந்து, பனி விழுந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி பிளகோத்தாவிடம் ஒரு தேதிகூட மிச்சமில்லை.

அன்று விதோசாவா பணியாரம் போல எங்கள் பக்கத்தில் சுடும் பிரிகானிட்சா பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்படி முக்காலியில் கையுறையைப் பிசைந்தபடி உட்கார்ந்து, குடும்பத்தில் எல்லாருடைய பிறந்தநாளையும் வைத்துப் பார்த்துவிட்டதாகப் புலம்பினான்.

"எல்லாருதுமா?" என்றாள் அவள், எண்ணெயைப் பார்த்தபடியே.

"எல்லாருதும்."

"இன்னொரு தடவ எண்ணு, மனுஷா."

அவன் விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்தான். பிறகு ஒரு விரல் மடங்காமல் நின்றது. இந்த நாட்டில் யார் யாரை எந்தக் கிழமையில் வெட்டினான் என்று ஐந்நூறு வருஷத்துக்குச் சொல்லக்கூடியவன் அவன். மகள் எப்போது பிறந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடுங்குளிர் என்று ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். அவளுடைய பிறந்தநாள் கேக்கை விதோசாவா வருஷாவருஷம் அடுப்படியில் வைத்தே வெட்டியிருக்கிறாள். முன்னறைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

"என்னைக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் ஏன் சொல்றேன்? இங்க சொன்னா பெரியவரு காதுல விழும். அவளுக்கே போன் பண்ணிக் கேளு. மேல போய்ப் பண்ணு."

எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது தேவாலயத்துக்கு மேலே இருக்கும் கோணல் ஓக் மரத்தடியில் மட்டும்தான். முழங்கால் பனியில் அவன் ஏறிப்போனதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மற்றதை அவனே பிற்பாடு சொன்னான். ரோசாந்தா எடுத்தபோது அந்தப் பக்கம் பல் துளைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரோசாந்தா, நீ பொறந்தது என்னைக்கு?"

மெஷின் நின்றது. "என்னப்பா, பாஸ்போர்ட்டுக்கா?"

"இல்ல. பெட்டகத்துக்கு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் எதற்கெல்லாம் சுட்டாரோ அதெல்லாம் அவருக்குத் தெரியும் என்றும், அவர் சுடாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றும் சொன்னான். பல் காட்ட வந்தவர் வாயைத் திறந்தபடியே காத்திருந்திருப்பார்.

"நவம்பர் மூணு," என்றாள். "எண்பத்தேழு. அன்னைக்கு வீட்டுல தோட்டா இல்லையாப்பா?"

பிளகோத்தா பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு. பன்னெண்டு இருந்துச்சு" என்றான். பனியில் நின்றுகொண்டிருந்தவனுக்கு முகம் அடுப்பாக எரிந்தது.

"சரி விடு. சுட்டிருந்தீன்னா இந்த நம்பரும் அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. "என்ன மன்னிக்கணும், ரோசாந்தா" என்றான். இத்தனை வருஷம் அவளைப் பற்றிச் சொல்லும்போது கண்டவரிடமெல்லாம் கேட்ட மன்னிப்பை அவளிடம் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டான். பிறகு இறங்கி வந்து, கையால் மறைத்தபடி, ஆறு எண்களை அழுத்தினான்.

மறுநாள் காலை ஆறு பீப் கேட்டது, பிறகு தவறு என்று ஒரு நீளச் சத்தம். கதவு திறக்கவில்லை. மதியம் மறுபடியும். அந்த வாரம் முழுக்கப் பெரியவர் சண்டைகளை முயன்றார், அரசர்களை முயன்றார், ஆயர்களை முயன்றார், 1876இலிருந்து பிறந்த ஒவ்வோர் ஆண் பிள்ளையையும் முயன்றார். மூன்று முறை தவறினால் பத்து நிமிஷம் பூட்டிக்கொள்ளும் பெட்டகம் அது. விதோசாவா அந்தப் பத்து நிமிஷங்களை முட்டை வேகவைக்கப் பயன்படுத்திக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி ரோசாந்தாவின் கார் மலையேறி வந்தது. மக்சிம் இறங்கி, கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, நேராகப் போய்ப் பெட்டகத்தின்மீது ஏறப் பார்த்தான். வழுக்கி உட்கார்ந்தான். பிளகோத்தா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளும் கீழே விடவில்லை. திருநாள் விருந்தில் பார் நகரத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். "ஒரு பொண்ணு," என்றான் பிளகோத்தா, "அப்புறம், மன்னிக்கணும், ரெண்டு பையன்." பெட்டகத்துக்குள் ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. மிலேத்தா முட்டைக்கோஸ் தட்டைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிவிட்டது. பெரியவர் இப்போதும் உள்ளேதான் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு முறை முயல்கிறார். பெண் பிள்ளைகள் பக்கம் இன்னும் வரவில்லை. ரோசாந்தாவின் பிறந்தநாளுக்கு ஊரே கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓக் மரத்தடிக்குப் போகிறது, பனியோ மழையோ, அங்கே நின்றுதான் தேதியைச் சொல்லி வாழ்த்துகிறோம். இறங்கி வரும்போது அந்த வீட்டைத் தாண்டும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. இதை எழுதி வைக்கலாமா என்று பிளகோத்தாவைக் கேட்டேன். பெரியவருக்கு எண் நன்றாகத் தெரியும், எழுத்துத்தான் கற்கவில்லை என்றான். ஆகவே பூட்டுக்கு வைத்த மற்ற தேதிகளை எண்ணில் போட்டிருந்தாலும் அவளுடையதை மட்டும் எழுத்தில் போட்டிருக்கிறேன். படிப்பவர்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.