டிஸ்சார்ஜ் ஆகும் நாள்

கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவர், சேர்ந்த நாள் முதல் "எப்ப விடுவீங்க" என்று நர்ஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக ஆயுசைக் கழித்தவர். ஓரிடத்தில் கிடப்பது அவருக்கு ஆகாது. அவர் தனியாக இருந்த வாடகை அறையைக்கூட, இனிமேல் அப்பாவைத் தனியே விடுவதில்லை என்று சொல்லிப் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள்.

அன்று காலை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "புண்ணுல டிஸ்சார்ஜ் நின்னுடுச்சு. இன்னைக்கு டிஸ்சார்ஜ்."

பெரியவர் திருதிருவென்று விழித்தார். சீழ் நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் விளக்கினாள். உடனே சட்டையை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராகிவிட்டார்.

இரண்டு பிள்ளைகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். டாக்டர் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தாமதம், வக்கீலான மூத்தவன் தொண்டையைச் செருமினான். கோர்ட்டில் டிஸ்சார்ஜ் என்றால் விடுதலை இல்லையாம். கேஸ் நிற்காது என்று விசாரணைக்கு முன்பே அனுப்பிவிடுவதாம். பேட்டரிக் கடைக்கார இளையவன் சும்மா இருப்பானா? முழுக்க டிஸ்சார்ஜ் ஆகவிட்டால் பேட்டரி கோவிந்தா என்றான். அணைக்கட்டு இன்ஜினியரான மாப்பிள்ளையோ, மதகு வழியாக விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறதோ அதுதான் அசல் டிஸ்சார்ஜ் என்று அடித்துச் சொன்னார். வார்டே வாய் பிளந்து கேட்டது. பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் எந்த வீட்டுக்குப் போகிறார், கட்டு மாற்ற ஆளை எங்கே அனுப்புவது என்று நர்ஸ் வந்து கேட்டாள்.

அறையைக் காலி செய்த சூட்டில் யார் வீடு என்று யாருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"நம்ம வீட்டுல மாடிப்படி. அப்பா கால் தாங்காது," என்றான் மூத்தவன். இளையவன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். மகன்கள் இருக்கும்போது தான் முந்திக்கொள்வது மரியாதையாக இருக்காது என்றார் மாப்பிள்ளை. டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாக மூவரும் வராந்தாவுக்கு நழுவினார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து மதகும் பேட்டரியும் மறுபடி காதில் விழுந்தன.

எங்கே போகணும் என்று ஆயுசு முழுக்க ஊரைக் கேட்டவருக்கு, தான் எங்கே இறங்க வேண்டும் என்று தெரியவில்லை. விரிப்பை மாற்ற ஆயா வந்து நின்றாள்.

பெரியவர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, அந்தக் கட்டை இன்னொரு தடவை பிரிச்சுப் பாரேன். கொஞ்சமாவது சீழ் இருக்கும்."