உள்ளது உள்ளபடி கேட்கிற ஸ்பீக்கர்

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருக்கிறேன். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. என் மனைவி மினி இதை வியாதி என்கிறாள். நான் அனுபவம் என்கிறேன்.

அதனால்தான் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் பாடல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்ததும், வீட்டு ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேட்டவுடனே எனக்குப் பொறி தட்டியது. மேலே ஏறுகிற வரிகளில் என் குரலைக் காணோம்.

பாறசாலைக்கு இந்தப் பக்கம் உள்ள பழைய மிஷன் சபை எங்களுடையது. நான்கு குரலில் பாடித்தான் பழக்கம். முன்வரிசையில் பெண்கள், மேல்குரல் சொப்ரானோவும் கீழ்க்குரல் ஆல்ட்டோவும். பின்வரிசையில் ஆண்கள், மேல்குரல் டெனரும் கீழ்க்குரல் பாஸும். பெண் பார்க்கப் போகிற இடத்திலேயே 'பொண்ணு என்ன பார்ட்டு பாடும்?' என்று கேட்கிற கூட்டம் நாங்கள். மினி ஆல்ட்டோ. நான் டெனர், அதிலும் முதல் டெனர். கோர்ட்டில் எனக்குப் பெயரே கிடையாது, 'கிளார்க்கே' என்பார்கள். சபையில் டெனர் கனகதாஸ் என்றால் தெரியாத ஆள் இல்லை. அந்த ஒரு இடத்தையும் ஒருவன் பிடுங்கப் பார்க்கிறான்.

ஒருவன் என்ன ஒருவன், ஜெனில்தான். டெனரில் புதிதாகச் சேர்ந்தவன். அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு யாருக்கு என்று கொயர் மாஸ்டர் சுந்தரதாஸ் இன்னும் சொல்லவில்லை. பதிவு செய்ததும் இதே ஜெனில்தான். அன்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டதால் அவன் பாடவில்லை. டெனரில் நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனையும் அமுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் ருசு வேண்டுமே. வீட்டில் இருக்கிற ஹோம் தியேட்டரோ எதைப் போட்டாலும் 'திம் திம்' என்று குலுக்கி எல்லாவற்றையும் மூடிவிடும். நெய்யாற்றின்கரையில் இசைக்கருவி விற்கிற கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற சஜின், ஸ்டுடியோ மானிட்டர் என்கிற ஸ்பீக்கரை வாங்கச் சொன்னான்.

"சாரே, இது ரசிச்சு கேக்கதுக்கு உள்ள சாதனம் இல்ல. உள்ளத உள்ளபடி கேக்கதுக்கு உள்ளதாக்கும்."

"அத நீ சொன்னா போருமா? நீ ஜெனிலுக்க கூட்டுக்காரன்தானே?"

"தனுவச்சபுரம் காலேஜில ஒண்ணிச்சு படிச்சோம். அதுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன பந்தம் சாரே?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பந்தம் இல்லாமலா சிரிப்பான்? நானும் வெறுங்கையோடு போகவில்லை. கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டபேதார் உண்ணியின் குரலைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். அந்தக் குரலைத் தினமும் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல், கடைசி எழுத்தில் லேசாகக் கரகரக்கும். முதல் ஜோடி ஸ்பீக்கரில் போட்டேன். உண்ணி ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனைப் போலக் கம்பீரமாக ஒலித்தான். பொய்சாட்சி, தள்ளி வை என்றேன். இரண்டாவது ஜோடியில் கரகரப்பு போய்விட்டது. மூன்றாவதில்தான் வெற்றிலை இருந்தது. அது அழகாக இல்லை, வறட்டுச் சத்தம். அதையே எடுத்துக்கொண்டேன்.

சுவரை ஒட்டி வைக்காதீர்கள், காது உயரத்தில் வையுங்கள், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் முக்கோணமாக இருக்கவேண்டும் என்று சஜின் சொல்லி அனுப்பினான். ஏன் சொல்கிறான் என்று வீட்டில் ஒட்டியும் வைத்துப் பார்த்தேன். பாஸ் குரல்கள் வீங்கின. தள்ளி வைத்ததும் சரியானது. அவன் உண்மையைச் சொன்னதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மினிதான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பழைய ஸ்பீக்கருக்கு என்ன கொறை? ஊருல எல்லாரும் அதுலதான கேக்குது."

"ஊருல உள்ளவன் கேக்கதுக்கு இல்ல, நான் கேக்கதுக்கு."

"ஒங்களுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், ஒரு வக்கீல் போரும்" என்று உள்ளே போய்விட்டாள். வழக்கமாக இதிலெல்லாம் தலையிடமாட்டாள். அன்று ஏன் தலையிட்டாள் என்று நான் யோசிக்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவனுக்கு வீட்டுக்குள் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பாட்டைப் போட்டேன். நான்கு குரலும் தனித்தனியே வந்து நின்றன. என் குரலும் இருந்தது, கீழ் வரிகளில் தெளிவாகவே இருந்தது. மேலே ஏறுகிற இடம் வந்ததும் அது இறங்கி, காற்றுப் போன பந்து மாதிரி ஆனது. அதே நேரம் என் சுரத்தை வேறொரு குரல் எடுத்துப் பாடியது. சுத்தமான குரல். திரும்பத் திரும்பப் போட்டேன். அது என் குரல் இல்லை.

பிடிபட்டான் என்று நினைத்தேன். என் குரலை அமுக்கியது போதாமல், பிறகு உட்கார்ந்து தன் குரலையும் சேர்த்திருக்கிறான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெனிலை லேப்டாப்போடு வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் வந்து, ஸ்பீக்கர்களைப் பார்த்து, "நல்ல செலக்‌ஷன் சாரே" என்றான். நான் பாட்டைப் போட்டேன்.

"இந்த எடத்துல பாடுகது ஆரு? நீதானே?"

அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். முகம் மாறியது. "நானில்ல சாரே."

"பின்ன ஆரு? சத்தியம் செய்ய வேண்டாம், அத நான் தெனமும் கேக்கேன். காட்டு."

"வேண்டாம் சாரே. விட்டுருங்க."

"காட்டுலே."

பதிவின்போது ஒவ்வொரு குரல் பிரிவுக்கும் ஒரு மைக் வைத்திருந்தான். டெனர் மைக்கை மட்டும் போட்டான். மேல் வரியில் என் குரல் கீழே தொங்கியது, கடைசிச் சுரத்துக்கு வரவேயில்லை. வாய் அசைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை நிறுத்திவிட்டு ஆல்ட்டோ மைக்கைப் போட்டான். மற்ற ஆல்ட்டோக்கள் தங்கள் பார்ட்டில் நிற்க, ஒரு குரல் மட்டும் அதை விட்டுவிட்டு என் பார்ட்டுக்கு ஏறியது. ஏறி, முடிகிறவரை தாங்கிப் பிடித்து, மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது.

அது யாருடைய குரல் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மினி நிலைவாசலிலேயே நின்றிருந்தாள். ஜெனில் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு, "வாறேன் மினியக்கா" என்று போய்விட்டான்.

"எப்ப முதல்?" என்று கேட்டேன்.

"நீங்க கோவிட் வந்து எழும்பின பொறவு. ஒங்களுக்கு மேல உள்ள சொரம் எத்தல்ல. நீங்க எனக்கு நேர் பின்னாலதான நிக்கிய, சொரம் எறங்கும்போ எனக்குத்தான் மொதல்ல கேக்கும்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா நம்புவியளா? இதுல மாஸ்டர் கூடி உண்டு, ஜெனில் கூடி உண்டுன்னு கேஸு போடுவிய."

ஒவ்வொரு வாரமும் மேல் வரியில் என் காதில் விழுந்த குரலை நான் என்னுடையது என்றே நினைத்திருந்தேன். ஆராதனை முடிந்து கைகுலுக்கியவர்களிடம் அந்தக் குரலின் பாராட்டுக்குத்தான் நன்றியும் சொல்லியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை காலமாக அந்த வரிகளில் அவளுடைய பார்ட்டு இல்லாமலே போனது மனதைப் பிசைந்தது. அது எப்படி இருக்குமென்று எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த பயிற்சிக்கு எப்போதும்போல அவளுக்குப் பின்னால் நின்றேன், பக்கத்தில் ஜெனில். மேல் வரி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். பழக்கத்தில் மினி என் பார்ட்டுக்கு ஏறப் போனாள். குனிந்து, "ஒனக்க பார்ட்டப் பாடு" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கணம் தடுமாறி, தன் ஆல்ட்டோவுக்குப் போனாள். எவ்வளவு நல்ல பாட்டு அது.

சுந்தரதாஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். "டெனர் ஒத்தக் கொரலா கேக்குது. ஆரு பாடாம நிக்கது?"

எல்லாரும் ஜெனிலைப் பார்த்தார்கள்.

"நானாக்கும் மாஸ்டரே" என்றேன்.