பெண்களே பிறந்த கூண்டு

கூண்டில் ஆண் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் பெண் குளவிகள். அதைப் பார்த்து என் அண்ணன் ஒரு குதி குதித்தான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாமே முட்டை போடும்டி! உற்பத்தி ரெண்டு மடங்கு!"

நாங்கள் வளர்ப்பது கடுகைவிடச் சிறிய முட்டைக் குளவி. காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு பிறக்கும் முன்பே அதன் கதையை முடித்துவிடும். குளவி ஏறிய முட்டைகளை அட்டையில் ஒட்டித் தோட்டக்காரர்களுக்கு விற்கிறோம். வியாபாரம் அண்ணன் கையில், ஆய்வு மேசை என் கையில்.

இந்தக் குளவிக்கு ஒரு பங்காளி இனம் உண்டு. பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நுண்ணோக்கியே முழிக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் எது எதுவென்று சொல்ல முடியும். எங்கள் கூண்டில் எப்போதும் கொஞ்சம் ஆண் பிறக்கும். திடீரென்று ஒன்றுமே இல்லையென்றால் வேறெதுவோ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணா, இந்த அட்டையை யாருக்கும் அனுப்பாதே. கூண்டைச் சூடான அறையில வைக்கிறேன். பெண்ணாவே பிறக்க வைக்கிற கிருமி இதுங்க உடம்புல இருக்கும், சூட்டுல அது செத்துடும். அடுத்த தலைமுறையில ஆண் தலைகாட்டும், பாத்துட்டுச் சொல்றேன். அக்கா வேற நம்மளை நம்பி மருந்தே அடிக்காம உக்காந்திருக்கா."

மாமா போனபிறகு அக்காவுக்குச் சோறு போடுவது அந்தத் தக்காளித் தோட்டம் ஒன்றுதான்.

"எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட நீ ஒருத்தி," என்றபடி போய்விட்டான்.

ஆண் பிறந்தது. கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். பங்காளியேதான். எங்கள் அறைக்குள் கொடுக்கும் அந்துப்பூச்சி முட்டையில் வெளுத்துக்கட்டும், காய்ப்புழு முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"அந்த அட்டை அப்பவே போயிடுச்சே."

"யாருக்கு?"

"அக்காவுக்கு."

"அடப்பாவி! சந்தேகம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அதனாலதான் அவளுக்கு அனுப்பினேன். வெளியாளுக்கு அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா சும்மா விடுவானா? அக்கான்னா ஒண்ணும் சொல்ல மாட்டா."

நான் சொன்னதை நம்பியிருக்கிறான். நம்பித்தான் அனுப்பியிருக்கிறான். அக்காவுக்கு போன் போட்டு, அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பிஞ்செல்லாம் ஓட்டைடி," என்றாள் அக்கா, எடுத்ததுமே.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"வேணும்னா செஞ்சிருப்பான்? விடுடி."

"வேணும்னுதான்க்கா செஞ்சான்!"

"கத்தாதே. தம்பிதானே. அவன் சாப்பிட்டானா?"

அண்ணன் நிமிர்ந்தான். முகத்தில் உயிர் வந்துவிட்டது. எனக்கு அவனைவிட அக்காமேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.