திரைக்கு இந்தப் பக்கம்

இது உங்கம்மா சொன்னதா, இல்ல நீயா சொல்றியா, என்று செய்தித்தாளை இறக்காமலே அப்பா கேட்கிறார், அம்மாதாம்ப்பா சொன்னாங்க, என்கிறாள் சுகந்தி, எட்டு வயது, வலது கால் பெருவிரல் சிமென்ட் தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது, அந்த ரயில்வே குடியிருப்பில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது, பூப்போட்ட திரை ஒன்றுதான், அதற்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் சட்டென்று நிற்கிறது, அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், சித்தப்பா கல்யாணத்தில் வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை, எல்லாவற்றையும் இவள்தான் சுமக்க வேண்டும், குழம்புல உப்புன்னு ஒண்ணு போடுவாங்களே, அது என்னாச்சுன்னு உங்கம்மாவக் கேளு, என்பார் அப்பா, அவள் திரையை விலக்கி, குழம்பு நல்லாருக்காம்மா, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை வேணுமாம், என்பாள், ஆமா, நாக்க ஆபீஸ்லயே வெச்சிட்டு வந்தாராமா, என்று அம்மா உப்பு ஜாடியை நகர்த்துவாள், அம்மா மறந்துட்டாங்களாம்ப்பா, பாவம், என்று இங்கே வந்து சொல்வாள், இவள் கூட்டிச் சொன்னதெல்லாம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது, ஒருவரும் ஒருநாளும் மறுக்கவில்லை, அது சம்மதமா, அலட்சியமா, இன்றுவரை தெரியாது, நீங்களே சொல்லிக்குங்களேன் என்று தொண்டை வரை வரும், சொல்லிவிட்டால் இந்த வழியும் அடைபட்டுப் போகுமோ என்று விழுங்கிவிடுவாள்.

அப்படி விழுங்கி வளர்ந்தவளுக்கு யார் அன்பாகப் பேசினாலும் இதில் சர்க்கரை யார் போட்டது என்றுதான் முதலில் தோன்றும், பெண் பார்க்க வந்த ராஜவேல், எனக்கு இவங்களப் புடிச்சிருக்கு, என்று முகத்துக்கு நேரே சொன்னபோதுகூட, சொல்லிக்கொடுத்தது யார் என்று அவன் அக்காவைத்தான் பார்த்தாள், அவன் ஒண்ணுமில்ல என்றால் ஒன்றுமில்லை என்று இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறையும் நம்பியதில்லை, அவன் செருப்பைக் கழற்றும் விதம், தட்டைக் கழுவப் போடும் சத்தம், பெருமூச்சின் நீளம் எல்லாவற்றையும் உளவுக்காரி மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள், நேற்றுகூட அவன் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில், இவருக்கு எதுக்கு வாயி, அதான் நான் இருக்கேனே, என்று இவள் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்ததோ, வரும் வழியெல்லாம் கார் ஜன்னலையே பார்த்தானே, காலையில் காப்பியைப் பாதியில் வைத்தானே, என்ன என்றால் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அம்மா இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வாரக்கணக்கில் வாயை மூடுவாள், அடுப்படியில் நின்றபடியே சுகந்தி மகளைக் கூப்பிட்டாள், ஆதிரை, அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்னு நைசாக் கேட்டுட்டு வாடி, ஆதிரை கூடத்துக்குப் போனாள், ஏதோ முணுமுணுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து எதை மறைக்கிறார்கள், திரும்பி வந்தவள் மூச்சு விடாமல் சொன்னாள், கோவமே இல்லையாம்மா, இன்னிக்கு நீ வெச்ச வத்தக்குழம்பு சூப்பராம், உன்ன ரொம்பப் புடிக்குமாம்.

இன்று அவள் வைத்தது ரசம்.

இது அப்பா சொன்னதா, இல்ல நீயா சொல்றியா, வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது யார் குரல் என்று அவளுக்கு உறைத்தது, அப்பாதாம்மா சொன்னாங்க, என்கிறாள் ஆதிரை, அவள் வலது கால் பெருவிரல் டைல்ஸ் தரையில் வட்டம் போடுகிறது, மெதுவாக, மிகப் பழகினாற்போல, கூடத்தில் டிவி சத்தம் குறைகிறது, அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், மறுக்கவில்லை, இந்தப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இவள்தான் நடுவில் நிற்க வைத்தாள், அவ்வளவுதான், சுகந்தி குனிந்து அந்தச் சின்னப் பாதத்தைக் கையால் மூடினாள், வட்டம் நின்றது, நீ போய் விளையாடு தங்கம், என்று எழுந்து நடந்தாள், கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை, திரையும் இல்லை, ராஜவேல் நிமிர்ந்து பார்க்கிறான், எட்டு வயதில் விழுங்கியது அப்படியே தொண்டையில் இருக்கிறது, எம்மேல என்ன கோவம் இருந்தாலும், என்றாள், நீங்களே எங்கிட்ட சொல்லுங்க.